சக்கரத்தின் முன் கும்பிடு பூச்சி

யாங்கோன் நகரத்தில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகிற சந்தில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் விநாயகமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயது. இத்தனை வயதில் அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்று ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும் இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு வரும், தலை ஒரு பக்கம் சாயும், “யபாதெ” என்பார். பரவாயில்லை, ஆகட்டும் என்பதற்குப் பர்மியர்கள் சொல்லும் சொல் அது. அந்த எண்ணிக்கையில் அவர் முருகா என்று சொல்லியிருந்தால் மோட்சத்தில் ஜன்னலோரமாகவே இடம் கிடைத்திருக்கும். சந்துக்காரர்களுக்கு அவர் ஊ வின்; ஊ என்றால் ஐயா, வின் என்பது விநாயகமூர்த்தியில் அவர்கள் நாக்குக்கு வந்த மிச்சம். ஏணி வேண்டுமா, ஊ வின்னைக் கேள். சாவுக்கு நாற்காலி வேண்டுமா, ஊ வின்னைக் கேள். கேட்டவர்கள் திருப்பித் தர மறந்துவிடுவார்கள். அதைப் போய்க் கேட்கவும் அவருக்குக் கூச்சம்.

மற்றவர்களாவது ஏணியோடு விட்டார்கள். மனைவி அலமேலுவின் அண்ணன் காசிவிசுவநாதன் அப்படி விடுகிற ஆள் இல்லை. பெரிய உடம்பு, பெரிய குரல், சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய வெள்ளைக் கார். முதலில் கிரைண்டர் போனது. பிறகு மடக்கு மேஜை. போன வருஷம், மகன் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் என்று சொல்லி இன்வர்ட்டரைப் பேட்டரியோடு தூக்கிப் போனார். நிச்சயமும் ஆகி, கல்யாணமும் ஆகி, மருமகள் முழுகாமலும் இருக்கிறாள். இன்வர்ட்டர் மட்டும் வரவில்லை. யாங்கோனில் கரண்ட் வருகிற நேரத்தைவிடப் போகிற நேரம் அதிகம். கரண்ட் போனதும் அலமேலு விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, காற்றையும் புருஷனையும் சேர்த்து வீசுவாள்.

“எங்க அண்ணன்கிட்ட நான் எப்படிக் கேக்கிறது? நீங்க கேளுங்க.”

“உன் அண்ணன்கிட்ட நான் எப்படிக் கேக்கிறது? நீ கேளு.”

இப்படியே ஒரு மழைக்காலம் போய்விட்டது.

இந்த வளைந்து கொடுக்கிற புத்தி விநாயகமூர்த்திக்கு எங்கிருந்து வந்தது என்றால், பூஜை மாடத்திலிருந்து வந்தது. அங்கே முருகன் படத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு இரும்புத் தகடு இருந்தது. அதில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு சக்கரம் செதுக்கியிருந்தது. சக்கரத்துக்கு எதிரே, பித்தளையில் பதித்த ஒரு கும்பிடு பூச்சி, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. ஜப்பான்காரர்கள் சண்டையில் தோற்று ஊரைவிட்டு ஓடிய வருஷம், பசியில் கண் இருண்டு கிடந்த ஒரு ஜப்பான் அதிகாரிக்கு, விநாயகமூர்த்தியின் அப்பா இராமையா படகுத்துறையில் ஒரு பொட்டலம் புளிச்சோறு கொடுத்தாராம். அந்த அதிகாரி இந்தத் தகட்டைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு, வாளை ஆற்றில் எறிந்துவிட்டுப் போனானாம்.

இராமையாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. தகட்டைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சக்கரம் என்றால் பெருமாளுடைய சக்கரம். கும்பிடு பூச்சிக்குப் பெருமாள் பூச்சி என்றே இன்னொரு பெயர் உண்டு. பெருமாள் பூச்சி பெருமாள் சக்கரத்தைக் கும்பிடுகிறது, இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? சைவக் குடும்பத்தில் பெருமாள் எப்படி என்று சிலர் கேட்டார்கள். வீடு தேடி வந்த சாமியை வாசலிலேயே நிற்க வைப்பது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டார். தகட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு துளை இருந்தது. முருகனின் பித்தளை வேலை அதில் செருகினால் ஆடாமல் நின்றது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த சின்னத் துளைகளில் ஊதுபத்தி நின்றது. சாமி தனக்கு வேண்டிய ஓட்டைகளோடுதான் வந்திருக்கிறார் என்று குடும்பமே நம்பியது.

“சக்கரத்துக்கு முன்னால கும்பிட்டவன் மேல சக்கரம் ஏறாதுடா,” என்பது இராமையா மகனுக்கு விட்டுப்போன சொத்து. கடையையும் விட்டுப்போனார். ஆனால் கடையைவிட இதைத்தான் விநாயகமூர்த்தி அதிகம் புழங்கினார்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் காசிவிசுவநாதன் மாடியேறி வந்தார். மூச்சு வாங்கி முடித்ததும் பூஜை மாடத்தைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, லைங் தாயாவுல ஒரு தையல் ஃபேக்டரி, கேண்டீன் சாப்பாட்டுக்கு ஆள் தேடுறாங்க. மேனேஜர் ஜப்பான்காரர், குரோய்வான்னு பேரு. அவர் ரூமுக்குப் போனேன். செவுரு பூரா நம்ம சக்கரம் மாதிரியே கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கார். ஆளுக்கு அதுல பைத்தியம். இதை அவருக்குக் குடுத்தா கேண்டீன் நமக்குத்தான். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். பளபளன்னு தேய்ச்சு வை.”

விநாயகமூர்த்தியின் கை நெஞ்சுக்கு வந்தது. தலை சாய்ந்தது. “யபாதெ மச்சான்.”

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

அண்ணன் இறங்கிப் போனபிறகு அலமேலு வந்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கத்தவில்லை.

“கிரைண்டர் போச்சு, நான் அம்மியில அரைச்சேன். இன்வர்ட்டர் போச்சு, விசிறியில வீசுனேன். கல்யாணமாகி வந்த அன்னைக்கு உங்கப்பா இதுக்கு முன்னால நிக்க வச்சுத்தான் எனக்குத் துண்ணூறு பூசினார். இதையும் குடுத்துட்டா நான் காலையில எந்திரிச்சு யாருக்கு விளக்கு ஏத்துறது? உங்ககிட்ட நான் ஒரு நகை கேட்டிருக்கேனா, ஒரு சேலை கேட்டிருக்கேனா? எனக்காக ஒரே ஒரு தடவை, ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்க. அது போதும்.”

விநாயகமூர்த்தி கண்ணைத் திறந்தார். இவளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் தான் என்ன புருஷன் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. யபாதெ என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை, அடக்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் பயிற்சி தொடங்கியது. முடியாது என்பதற்குப் பர்மிய மொழியில் ‘மயபூ’. ஊரில் குழந்தைகள் நடக்கக் கற்பதற்கு முன்னால் கற்கிற சொல் அது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். சொல் வந்தது, கூடவே தலையும் சாய்ந்தது. தலையைப் பிடித்துக்கொண்டால் கை கும்பிட்டது. பால்கனியில் வந்து உட்கார்ந்த காக்கையிடம் சொல்லிப் பார்த்தார். காக்கை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. குரோய்வா மெலிந்த மனிதர், அறுபது இருக்கும். கூட மா தஸின் என்று ஒரு பர்மியப் பெண், ஜப்பான் மொழி தெரிந்தவள். வாசலில் குரோய்வா இடுப்பை வளைத்து வணங்கினார். விநாயகமூர்த்தி கைகூப்பி அவரைவிடக் கொஞ்சம் கீழே குனிந்தார். விருந்தாளி இன்னும் கீழே போனார். வீட்டுக்காரர் விடுவாரா? இரண்டு பேரும் ஒருவர் நிமிர்ந்துவிட்டாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதும், மற்றவர் குனிந்திருப்பதைக் கண்டு மறுபடி குனிவதுமாக இருந்தார்கள். கடைசியில் மா தஸின்தான் நடுவில் புகுந்து இருவரையும் உள்ளே கூட்டிவந்தாள்.

“கார்ல வரும்போது ஒரு விஷயம் தெரிஞ்சுது மாப்பிள்ளை,” என்றார் காசிவிசுவநாதன், கொஞ்சம் சுருதி குறைந்து. “ஜப்பான்ல ஓடிட்டு வந்த என் பழைய கார்ல ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு ஜப்பான் பொம்பளை பேசுவாள்ல. ஆசீர்வாதம் பண்றான்னு நானும் தினம் காலையில அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் கெளம்புவேன். இவர் சொல்றார், அது ஜப்பான் ரோட்டுல சுங்கம் கட்டுற கார்டைச் செருகலைன்னு சொல்லுதாம்.”

அலமேலு தேத்தண்ணியை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

குரோய்வா பூஜை மாடத்துக்கு முன் நின்றார். தகட்டின் மேல் மஞ்சள், சந்தனம், குங்குமம், எண்பது வருஷத்து நெய். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருங்கிப் பார்த்தார். துளையில் நின்ற வேலை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லி, அனுமதி கேட்டு, கைக்குட்டையால் ஓரத்தை மட்டும் மெல்லத் துடைத்தார். பிறகு ஜப்பான் மொழியில் நெடுநேரம் பேசினார். மா தஸின் அதைப் பர்மிய மொழியில் சொல்லச் சொல்ல, வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது.

இதற்கு ட்சுபா என்று பெயர். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில், கை வழுக்கி அலகில் போகாமல் காக்கிற தகடு. நடுத் துளையில் வாள் நிற்கும். நீங்கள் அதில் முருகனின் வேலைச் செருகி வைத்திருக்கிறீர்கள். அதுவும் ஆயுதம்தான், ஆகவே தப்பில்லை. இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்கு உங்கள் நெய்தான் காரணம். இருநூறு வருஷத்துக்குக் குறையாது. வாள்வீரன் தன் மனசில் இருப்பதை இதில்தான் செதுக்கி வைப்பான். தும்பியைச் செதுக்குவான், ஏனென்றால் தும்பி முன்னால்தான் போகும், பின்வாங்காது. பூரானையும் அதே காரணத்துக்காகச் செதுக்குவதுண்டு.

“பூரானையா?” என்றாள் அலமேலு. “அதை செருப்பால அடிக்கத்தான் நமக்குத் தெரியும்.”

விநாயகமூர்த்தி தயங்கிக்கொண்டே பூச்சியைக் காட்டினார். “இது சாமியைக் கும்பிடுது, இல்லையா?”

மா தஸின் கேட்டுச் சொன்னாள். குரோய்வா தலையை ஆட்டி மறுத்தார். கும்பிடவில்லை. அது வண்டிச் சக்கரம். ராஜாவின் தேர் உருண்டு வருகிறது. பூச்சி வழியில் நின்று, ‘வராதே’ என்று கையைத் தூக்குகிறது. சண்டைக்கு நிற்கிறது.

விநாயகமூர்த்தி தகட்டருகே குனிந்து பூச்சியின் கைகளை மறுபடி பார்த்தார்.

“அப்புறம்?” என்றார் காசிவிசுவநாதன். “நசுங்கிப்போச்சா?”

இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றார் குரோய்வா. தன் பலம் தெரியாத முட்டாள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பழைய கதை ஒன்றில், ராஜா அதைப் பார்த்துவிட்டு, இது மனுஷனாகப் பிறந்திருந்தால் இதைவிட வீரன் இருந்திருக்க மாட்டான் என்று சொல்லித் தேரைத் திருப்பச் சொன்னார்.

“நம்ம மாப்பிள்ளைக்கு நேர் எதிர்,” என்று காசிவிசுவநாதன் சிரித்தார்.

விநாயகமூர்த்தி சிரிக்கவில்லை. கல்யாண வீட்டில் நாள் முழுக்கச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு திரிந்தவனிடம், கிளம்பும்போது யாரோ சொன்னது போல இருந்தது. அப்பா கும்பிடு என்று சொன்னார், இவரும் கும்பிட்டார். ஏணி போயிற்று, கிரைண்டர் போயிற்று, இன்வர்ட்டரும் போயிற்று. பூச்சி பாவம், அத்தனை வருஷமும் அந்த மாடத்தில் நின்று வேறு என்னவோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

குரோய்வா தகட்டைத் திரும்ப மாடத்தில் வைத்தார். தெய்வம் இருக்கிற இடத்திலிருந்து எடுக்கத் தனக்கு மனமில்லை, வீட்டுக்காரர் தன் வாயால் மனசாரக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

“கேளுங்க, கேளுங்க,” என்றார் காசிவிசுவநாதன். “அவர் வாயில இல்லைங்கிற சொல்லே வராது. என்ன மாப்பிள்ளை, குடுத்துடலாம்ல?”

எல்லோரும் விநாயகமூர்த்தியைப் பார்த்தார்கள். அலமேலு சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மூச்சை இழுத்தார். உதடு சேர்ந்தது. “ம...” என்று வந்தது. “ம... ம...” மச்சானின் முகம் எதிரே, கார் கண்ணாடி மாதிரி அகலமாக இருந்தது. கை மேலே வந்தது. தலை சாய்ந்தது.

“யபாதெ.”

அலமேலு உள்ளே போய்விட்டாள். இந்தத் தடவை கரண்டிகூட விழவில்லை. கரண்டி விழுந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தகட்டைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். விநாயகமூர்த்தி மாடத்தைப் பார்த்தார். வேல் நிற்க இடமில்லாமல் தரையில் சாய்ந்து கிடந்தது. எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எங்கே செருகுவது என்று தெரியாமல் அலமேலு ஒரு வாழைப்பழத்தில் குத்தி வைத்திருந்தாள். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அவள் திரும்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அவருக்குள் எது அறுந்தது என்று அவருக்கே தெரியாது. கயிற்றுக்கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும், ஆறு மாடியையும் இறங்கினார்.

காரில் காசிவிசுவநாதன் சாவியைத் திருகிவிட்டிருந்தார். ஜப்பான் பெண்மணி கார்டு செருகவில்லை என்று சொல்லி முடித்திருந்தாள். பின் சீட்டில் குரோய்வாவும் மா தஸினும். விநாயகமூர்த்தி ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி நெட்டுக்குத்தாகத் தூக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதானே? முழங்கை மடிந்தது, மணிக்கட்டு தொங்கியது, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. பார்க்கிறவர்களுக்கு அது கும்பிடு. அவருக்கு மட்டும் அது சண்டை.

சந்தில் மொஹிங்கா என்கிற மீன்சாறு நூடுல்ஸ் விற்கிற பெண் பக்கத்திலிருந்தவளிடம், “ஊ வின் எவ்வளவு மரியாதை பார்த்தியா, மைத்துனர் காரைக்கூடக் கும்பிடுறார்,” என்றாள். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற கிழவர் ஒருவர், நமக்கும் புண்ணியம் இருக்கட்டும் என்று காரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

காசிவிசுவநாதன் கண்ணாடியை இறக்கினார். “சரி சரி மாப்பிள்ளை, கும்பிட்டது போதும். வழி விடு.”

விநாயகமூர்த்தி நகரவில்லை.

ஹாரன் அடித்தது. கார் ஒரு சாண் முன்னால் வந்தது. பம்பர் முட்டியைத் தொட்டது. விநாயகமூர்த்திக்குப் பயமாக இருந்தது. வழக்கமாகப் பயம் வந்தால் கால் தானே ஒதுங்கிவிடும். இன்று அது ஒதுங்க மறந்துவிட்டது.

“மயபூ,” என்றார்.

“என்ன?”

“மயபூ மச்சான். சாமியைக் குடுக்க முடியாது.”

மொஹிங்கா அகப்பை பானைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்றது. அந்தக் குரலில் அந்தச் சொல்லைச் சந்து இதுவரை கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அதற்குப் பதில் தயார் பண்ணவேண்டிய தேவையே காசிவிசுவநாதனுக்கு வந்ததில்லை.

பின்கதவு திறந்தது. குரோய்வா இறங்கி முன்னால் வந்தார். தூக்கிய கைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து காரின் சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி கைகளைப் பார்த்தார். சந்து முழுக்கக் கும்பிடு என்று நினைத்ததை அந்த ஒரு மனிதர் சரியாகப் படித்துவிட்டார். பட்டுத்துணியைப் பிரித்துத் தகட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இடுப்பு மடிய, வாசலில் குனிந்ததைவிடக் கீழே குனிந்தார்.

விநாயகமூர்த்தியின் இடுப்பு துடித்தது. எதிரே ஒரு மனிதர் குனிந்து நிற்கும்போது நிமிர்ந்து நிற்பது அவருக்குக் காரைத் தடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். குனியவில்லை. நிமிர்ந்தபடியே கையை நீட்டித் தகட்டை வாங்கிக்கொண்டார்.

குரோய்வா ஏதோ சொன்னார். மா தஸின் எடுத்துச் சொன்னாள். “கதையில படிச்சிருக்கேன், நேர்ல பார்ப்பேன்னு நினைக்கலைன்னு சொல்றார். தேர் இப்போ திரும்பணுமாம். ஆனா கார் அவரோடது இல்லையே, அதனால நாங்க சைக்காவுல போய்க்கிறோம்.”

“என் கேண்டீன்?” என்றார் காசிவிசுவநாதன் உள்ளிருந்து.

“சாப்பாட்டை ருசி பார்த்துட்டுச் சொல்றாராம்,” என்றாள் மா தஸின்.

புண்ணியம் தேடிய கிழவரின் சைக்காவிலேயே இருவரும் ஏறிப் போனார்கள். அவருக்குப் பலன் கைமேல் கிடைத்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கியது. யாங்கோனில் மாடி வீட்டுக்காரர்கள் பேப்பரும் பலகாரமும் ஏற்றிக்கொள்ளத் தொங்கவிடுகிற கயிறு. நுனியில் ஒரு துணிப்பை. பால்கனியில் அலமேலு.

“சாமியை மேல அனுப்புங்க.”

விநாயகமூர்த்தி தகட்டைப் பையில் வைத்தார். பூச்சி கையைத் தூக்கியபடியே மெல்ல மெல்ல ஆறு மாடியும் ஏறிப் போனது. அவர் பெருமூச்சு விட்டு, காருக்கு வழிவிட்டு ஒதுங்கப் போனார்.

“நீங்க எங்க போறீங்க?” என்றது மேலிருந்து குரல். “அப்படியே நில்லுங்க. இன்வர்ட்டர் இன்னும் வரலை.”

விநாயகமூர்த்தி திரும்பினார். காருக்கு நேரே வந்து நின்று, இரண்டு கையையும் மறுபடி தூக்கினார். கை இந்தத் தடவை கொஞ்சம் நேராகவே நின்றது. காசிவிசுவநாதன் அந்தக் கையைப் பார்த்தார். கழுத்தை வெளியே நீட்டி மேலே தங்கச்சியைப் பார்த்தார். சந்தில் கூடிவிட்ட கூட்டத்தையும் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார்.

“டேய், அத்தை வீட்டு இன்வர்ட்டரைக் கழட்டி எடுத்துட்டு வா.”

“கிரைண்டரையும்,” என்றாள் அலமேலு.